மறைசாட்சியின் நாள் யாருக்குச் சொந்தம்? வட ஆப்பிரிக்கத் திருச்சபை, கி.பி. 200 முதல் 533 வரை

#1 தாழையூரான்

புனிதர் வணக்கத்தின் தொடக்கம் என்றாலே பேச்சு உரோமைச் சுரங்கக் கல்லறைகளுக்குப் போய்விடுகிறது. இங்கே அதைத் தவிர்ப்போம். நான் கேட்பது கார்த்தேஜ், ஹிப்போ, திப்பாசா பக்கம். இன்றைய துனிசியாவும் அல்ஜீரியாவும்.

முதல் கேள்வி: ஒரு மறைசாட்சியின், அதாவது விசுவாசத்துக்காக உயிர்கொடுத்தவரின், ஆண்டு நாளில் என்னதான் நடந்தது? சாப்பாடு, விளக்கு, வாசிப்பு, இதற்கெல்லாம் யார் பொறுப்பு? அடுத்தது: 4-ஆம் நூற்றாண்டில் ஒரே ஊரில் கத்தோலிக்கரும், அவர்களிடமிருந்து பிரிந்த தொனாத்துக் கட்சியாரும், கார்த்தேஜ் ஆயராக இருந்து மறைசாட்சியான ஒரே சிப்ரியானுக்கு விழா எடுத்தார்கள். அப்படியானால் ‘நாம் வேறு, அவர்கள் வேறு’ என்ற எண்ணத்தை இந்த நாட்கள் வளர்த்தனவா, அல்லது ஏற்கெனவே இருந்த பிளவு இந்த நாட்களில் வெளியே தெரிந்ததா?

மறைசாட்சி, இரத்தசாட்சி, வேதசாட்சி, எந்தச் சொல்லில் எழுதினாலும் சரி. மூன்றும் நம்மிடம் புழக்கத்தில் உள்ளவைதான்.

#2 உளிச்சத்தம்

மேசையிலிருந்து தொடங்குங்கள். ஆப்பிரிக்காவில் கல்லறைக்கு மேலே கட்டிய மேசைக்கு ‘மென்சா’ என்று பெயர். திப்பாசாவின் கல்லறைத் தோட்டங்களில் இவற்றை இன்றும் பார்க்கலாம். சுண்ணமும் கல்லும் வைத்துக் கட்டிய அரைவட்டச் சாய்மேடை. அதில் பாய் தலையணை போட்டு உள்பக்கம் தலை வைத்துச் சாய்ந்து படுப்பார்கள். நடுவில் உணவு வைக்கும் பரப்பு. சில கல்லறைகளில் உள்ளே திராட்சை இரசம் ஊற்றத் துளையோ குழாயோ விட்டிருக்கிறார்கள். திப்பாசாவில் ஒரு மென்சாவின் மேல் மீன்கள் நீந்தும் மொசைக்கும் ஓர் எழுத்தும் உண்டு: கிறிஸ்துவாகிய கடவுளில் நம் விருந்தில் அமைதியும் ஒற்றுமையும் நிலவட்டும் என்பது அதன் பொருள். விருந்தில் சண்டை வரும் என்று தெரிந்தவர்கள்தான் இதை எழுதி வைத்திருப்பார்கள் என்பது என் கணிப்பு.

இன்னொரு கல், சத்தாஃபிஸ் ஊரிலிருந்து. ஏலியா செக்குந்துலா என்ற தாய்க்குப் பிள்ளைகள் வைத்தது. கல் மேசை அமைத்தோம், உணவும் கிண்ணமும் விரிப்பும் வைத்து, பொழுது சாயும் வரை நல்ல தாயைப் பற்றிப் பழங்கதை பேசுகிறோம், கிழவியோ உறங்குகிறாள் என்று செய்யுளாக வெட்டியிருக்கிறார்கள். மாகாண ஆண்டு 260. மவுரித்தானியா என்ற உரோமை மாகாணத்தின் கல்வெட்டில் வரும் ஆண்டோடு 39 கூட்டினால் கி.பி. ஆண்டு கிடைக்கும், ஆக 299. இந்த 39-ஐ விட்டுவிட்டு 260 என்றே எடுத்துக்கொண்டால் கல்லைப் பேரரசர் வலேரியன் கிறிஸ்தவர்களைத் துன்புறுத்திய கலாபனைக் காலத்தின் ஓரத்துக்குத் தள்ளிவிடுவோம்.

கவனிக்க வேண்டியது, அந்தக் கல்லில் வெளிப்படையான கிறிஸ்தவ அடையாளம் எதுவும் இல்லை. கிறிஸ்தவக் குடும்பமோ வேறு குடும்பமோ, இறந்தவரோடு சாப்பிடும் முறை ஒன்றுதான். மறைசாட்சி விழா இந்தக் குடும்பப் படையலின் மேல் எழுந்த வழக்கம்.

#3 மேலக்கோட்டை மரியம்

உளிச்சத்தம் சொன்ன அந்தத் தொடர்ச்சியால்தான் ஆயர்களுக்குத் தலைவலி வந்தது. பின்னாளில் ஹிப்போ ஆயரான அகுஸ்தினாரின் தாய் மோனிக்கா மிலானில் செய்ததைப் பாருங்கள். ஆப்பிரிக்க வழக்கப்படி மாவுக்கூழ், ரொட்டி, திராட்சை இரசம் மூன்றையும் கூடையில் வைத்துக்கொண்டு புனிதர் நினைவிடத்துக்குப் போனார். வாயில்காப்பவர் தடுத்தார், ஆயர் அம்புரோஸ் விலக்கியிருக்கிறார் என்றார். தடைக்கு இரண்டு காரணம்: குடிப்பவர்களுக்கு அது சாக்கு, மேலும் அது உரோமையரின் மூதாதையர் படையலைப் போலவே இருக்கிறது. அந்தப் படையல் காலம் பெப்ரவரி 13 முதல் 21 வரை.

மோனிக்கா எப்படிச் செய்துவந்தார் என்பதையும் மகன் எழுதி வைத்திருக்கிறார். பல நினைவிடங்களுக்குப் போக வேண்டியிருந்தாலும் ஒரே ஒரு சின்னக் கிண்ணம். அதிலும் நன்றாகத் தண்ணீர் கலந்து, வெதுவெதுப்பாகிப்போனதையே சுற்றிச் சுற்றி எடுத்துப்போய், கூட இருப்பவர்களோடு ஒவ்வொரு வாய் பகிர்ந்துகொள்வார். ஒவ்வோர் இடத்திலும் புதுக் கிண்ணம் நிரப்பியவர்களும் இருந்தார்கள். நாலு கல்லறை தாண்டினால் அவர்கள் நிலை என்ன என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

#4 ஏட்டுச்சுவடி

மேசை சரி, ஆனால் நாள் குறிக்காமல் விழா இல்லை. நாளைக் குறித்து வைப்பதே ஒரு வேலையாக நடந்தது. கி.பி. 250-இல் தலைமறைவாக இருந்த சிப்ரியான் கார்த்தேஜ் குருக்களுக்கு எழுதிய கடிதத்தில் தெளிவாகச் சொல்கிறார்: சிறையில் இறப்பவர்களின் நாட்களையும் குறித்து வையுங்கள், மறைசாட்சிகளின் நினைவோடு சேர்த்து அவர்களையும் நினைவுகூரலாம். வாளுக்கு இரையாகாமல் சிறையிலேயே இறந்தவரும் பட்டியலில் சேர வேண்டும் என்பது அதன் உட்பொருள். இன்னொரு கடிதத்தில், செலெரினுஸ் என்ற இளைஞரின் பாட்டி செலெரினா, உறவினர் லாவுரெந்தினுஸ், எக்னாத்தியுஸ் ஆகியோருக்கு ஆண்டுதோறும் பலி ஒப்புக்கொடுக்கிறோம் என்கிறார். அதாவது 250-க்கு முன்பே பட்டியல் இருக்கிறது, ஆண்டு முறை இருக்கிறது.

கார்த்தேஜ் நாட்காட்டி என்று நமக்குக் கிடைத்திருப்பது பிந்தியது, 6-ஆம் நூற்றாண்டின் தொடக்கம். ஏப்ரல் 19-இல் தொடங்கி பெப்ரவரி 16-இல் முடிகிறது. இடைப்பட்ட காலம் தவக்காலத்தையும் பாஸ்காவையும் ஒட்டி வருவதால் காலியாக இருக்கிறது. மார்ச் 7-க்குரிய கார்த்தேஜ் மறைசாட்சிகள் பெர்பெத்துவாவும் பெலிசித்தாவும் அதில் இல்லையே என்று அவசரப்பட்டு முடிவு கட்டிவிடக் கூடாது. அந்த வாரங்களே அதில் இல்லை. உரோமையின் 354-ஆம் ஆண்டுப் பட்டியலில் இருவரும் இருக்கிறார்கள், பக்கத்திலேயே ‘ஆப்பிரிக்கா’ என்ற குறிப்போடு.

நாள் மாற்றும்போது பலர் சறுக்குவது இங்கேதான். உரோமையர் பின்னோக்கி எண்ணுவார்கள், இரு முனையையும் சேர்த்து எண்ணுவார்கள். காலெந்து என்பது மாதத்தின் முதல் நாள். சிப்ரியானின் நாள் ‘அக்டோபர் காலெந்துக்கு முன் 18’. செப்டம்பருக்கு 30 நாள். 30-உடன் 2 கூட்டி 18 கழித்தால் 14. அந்த 2-ஐக் கூட்டாமல் விட்டால் 12 என்று வரும், விழாவே தவறிவிடும். காலெந்துக் கணக்குக்கு மட்டும்தான் இந்த வழி. மாதத்தின் மற்றக் குறிப்பு நாட்களான ‘நோனே’ (Nonae), ‘இதே’ (Idus) என்று வந்தால் வேறு கணக்கு.

#5 சின்னக்கடை

ஒரு சின்னச் சந்தேகம். குடும்பத்தில் இறந்தவருக்கும் மேசை, மறைசாட்சிக்கும் மேசை என்றால் வித்தியாசம் எங்கே?

#6 மேலக்கோட்டை மரியம்

பீடத்தில். சாதாரண இறந்தோருக்காக அங்கே மன்றாடுவார்கள். மறைசாட்சியின் பெயரை வேறோர் இடத்தில் வாசிப்பார்கள், அவருக்காக மன்றாடுவதில்லை. மறைசாட்சிக்காக மன்றாடுவது அவரை அவமதிப்பது என்றே அகுஸ்தினார் ஒரு மறையுரையில் சொல்கிறார். அவர் நமக்காக மன்றாட வேண்டும். அதே மூச்சில் இன்னொரு கோட்டையும் போடுகிறார்: பலி மறைசாட்சிக்கு அல்ல, மறைசாட்சிகளின் கடவுளுக்கு. மானி என்பவரின் சமயத்தைப் பின்பற்றிய மானிக்கேயரான ஃபாவுஸ்துஸ், சிலைகளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மறைசாட்சிகளை வைத்துவிட்டீர்கள் என்று குத்தியதற்கு அவர் தந்த பதிலும் இதுதான்.

வாசிப்பும் உண்டு. 393-இல் ஹிப்போவில் கூடிய ஆயர் சங்கம், மறைசாட்சிகளின் ஆண்டு நாளில் அவர்களுடைய பாடுகளின் வரலாற்றைக் கோயிலில் வாசிக்க அனுமதித்தது. அந்த ஒரு நாளுக்கு மட்டும், மறைநூலுக்குச் சமமாக அல்ல. இந்த அனுமதி பெரிய விஷயம். பெர்பெத்துவா சிறையில் எழுதிய நாட்குறிப்பை ஆண்டுதோறும் ஊரே கேட்டது. அதனால்தான் அது தப்பிப் பிழைத்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

#7 உளிச்சத்தம்

ஹிப்போவில் விருந்தை நிறுத்திய நாளைப் பற்றி அகுஸ்தினார் நண்பர் அலிப்பியுசுக்கு எழுதிய கடிதம் தாழையூரானின் இரண்டு கேள்விக்கும் பதில் சொல்கிறது. ஆண்டு 395. அகுஸ்தினார் இன்னும் குரு, ஆயர் அல்ல. ஹிப்போவின் பழைய ஆயரும் மறைசாட்சியுமான லியோந்தியுசின் விழா. மக்கள் அதை ‘மகிழ்ச்சி’ என்றே அழைத்தார்கள்; கோயிலுக்குள்ளேயே குடி, விருந்து.

விழாவுக்கு முன்பே மறையுரையைத் தொடங்கினார். முணுமுணுப்பு கிளம்பியது: இதுவரை தடுக்காதவர்கள் எல்லாம் கிறிஸ்தவர்கள் இல்லையா? நியாயமான கேள்வி. கலாபனை ஓய்ந்தபின் கூட்டமாக வந்தவர்கள் பழைய விருந்துகளை விட முடியாமல் தவித்தார்கள், முன்னோர் அதைப் பொறுத்துக்கொண்டார்கள், இனிப் பொறுக்கத் தேவையில்லை என்று அவர் விளக்கினார். விழா நாள் பிற்பகலில் காலையைவிடக் கூட்டம் அதிகம். வாசிப்பும் திருப்பாடலும் மாறி மாறி, மாலை வழிபாடு வரை. வயிற்றுக்கு இருந்த நேரத்தைக் காதுக்கும் வாய்க்கும் கொடுத்துவிட்டார். வெறும் தடை போட்டிருந்தால் அன்று எடுபட்டிருக்காது.

அதே நேரத்தில் பக்கத்திலிருந்த தொனாத்துக் கட்சியாரின் கோயிலிலிருந்து வழக்கமான விருந்துச் சத்தம் கேட்டது என்றும் எழுதுகிறார். நேற்று வரை இரண்டு கோயிலிலும் ஒரே சத்தம். அன்று மாலைதான் காதால் கேட்டே எந்தக் கோயில் யாருடையது என்று சொல்ல முடிந்தது.

#8 ஏட்டுச்சுவடி

உளிச்சத்தம் அண்ணன் சொன்னதில் ஒன்றை மறுக்கிறேன். பிளவின் வேரிலேயே மறைசாட்சி வணக்கம் இருக்கிறது; 395-இல் உருவான அடையாளம் அல்ல அது. மிலேவிஸ் ஆயர் ஒப்தாத்துஸ் சொல்வது: 303 கலாபனைக்கு முன்பே கார்த்தேஜில் லூசில்லா என்ற செல்வந்தப் பெண் நற்கருணைக்கு முன் ஓர் எலும்பை முத்தமிடுவாள். திருத்தொண்டர் (டீக்கன்) செசிலியான் கண்டித்தார். ஒப்தாத்துசின் சொற்களைக் கவனியுங்கள்: மறைசாட்சியாகவே இருந்தாலும் இன்னும் ஏற்கப்படாத ஒருவரின் எலும்பு. அதாவது யார் மறைசாட்சி என்று சபை அறிவிக்கும் நடைமுறை அப்போதே இருந்தது. தனி ஆள் தன் விருப்பப்படி எலும்பு வைத்துக்கொள்ள முடியாது. பின்னால் செசிலியான் ஆயரானதும் அவரை எதிர்த்தவர்களுக்கு லூசில்லாவின் பணம் போனது. எதிர் ஆயராக வந்த மயோரினுஸ் அவள் வீட்டைச் சேர்ந்தவர். ஒப்தாத்துஸ் கத்தோலிக்கத் தரப்புக்காரர், அவர் எழுத்தை அப்படியே விழுங்க வேண்டாம். ஆனால் சண்டை எதைச் சுற்றி என்பதில் ஐயமில்லை.

அபித்தினே ஊரில் பிடிபட்ட 49 கிறிஸ்தவர்களின் வரலாற்றையும் பாருங்கள். 304 பெப்ரவரி 12-இல் கார்த்தேஜில் விசாரணை. ஆண்டவரின் விருந்து இல்லாமல் எங்களால் முடியாது என்ற புகழ்பெற்ற பதில் அவர்களுடையது. நமக்குக் கிடைத்த ஏட்டின் முடிவுப் பகுதியில், சிறையிலிருந்தவர்களுக்கு உணவு போகவிடாமல் செசிலியான் ஆளும் சாட்டையும் வைத்து மறித்தார் என்ற குற்றச்சாட்டு வருகிறது. விசாரணைக் குறிப்பு பழையது; சட்டகம் தொனாத்துக் கட்சி சேர்த்தது. விழா நாளில் இதை வாசிக்கக் கேட்கிற ஒருவர் எதிர்க்கட்சி ஆயரைப் பிலாத்து பக்கத்தில் நிறுத்திப் பார்த்திருப்பார்.

#9 உளிச்சத்தம்

ஏற்றுக்கொள்கிறேன். வேர் பழையது. நான் சொன்னது வெளியே தெரியும் அடையாளத்தை மட்டும்.

ஆனால் கட்டடத்தை வைத்து இது தொனாத்துக் கோயில், இது கத்தோலிக்கக் கோயில் என்று பிரிக்கக் கிளம்பாதீர்கள். தரைப்படம், பீடத்தின் இடம், திருமுழுக்குத் தொட்டி எல்லாம் ஒன்றுதான். நம்பத்தக்க சான்று பெயரில்தான் கிடைக்கும். இன்றைய க்சார் எல் கெல்ப், அதாவது பழைய வெகெசெலாவின் கோயிலில் ‘ஆண்டவர் மார்குலுஸ் நினைவிடம்’ என்ற எழுத்து கிடைத்தது. மார்குலுஸ் 347-இல் அரசு ஆட்கள் பிடித்துச் சென்ற பிறகு நோவா பெத்ராவில் இறந்த தொனாத்து ஆயர். பாறையிலிருந்து தள்ளினார்கள் என்பது அவர் தரப்பு, தானே குதித்தார் என்பது எதிர்த்தரப்புப் பேச்சு. கத்தோலிக்கர் அவருக்கு நினைவிடம் வைத்திருக்க வழியே இல்லை. அகுஸ்தினார் திரும்பத் திரும்பச் சொல்லும் வாக்கியம் இதற்காகவே: மறைசாட்சியை ஆக்குவது தண்டனை அல்ல, காரணம்.

#10 தாழையூரான்

அப்படியானால் சிப்ரியான்? அவர் இரு தரப்புக்கும் பொது அல்லவா?

#11 மேலக்கோட்டை மரியம்

பொது என்பதால்தான் இழுபறி. 256-இல் சிப்ரியான் தலைமையில் 87 ஆயர்கள் கூடி, பிரிந்துபோனவர்கள் கொடுக்கும் திருமுழுக்கு செல்லாது என்றார்கள். தொனாத்துக் கட்சி மறுமுழுக்குக் கொடுத்தது இந்த முடிவைப் பிடித்துக்கொண்டுதான். அகுஸ்தினாரோ, அந்த ஒரு கருத்தில் சிப்ரியான் தவறினார், ஆனால் மாறுபட்டவர்களோடு உறவை முறிக்கவில்லை, நீங்கள் முறித்தீர்கள் என்றார். ஒருவர் அவருடைய தீர்ப்பைப் பிடித்துக்கொண்டார், மற்றவர் அவருடைய நடத்தையை. இதில் அகுஸ்தினார் பக்கம் வலுவானது என்று நினைக்கிறேன். ஆனால் சிப்ரியானின் சொந்த எழுத்து தொனாத்துக் கட்சிக்கு நெருக்கம் என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

இடமும் இரண்டு. 258 செப்டம்பர் 14-இல் தலை வெட்டப்பட்ட இடத்தில் ‘சிப்ரியானின் மேசை’. இரவில் மெழுகுவத்தியும் தீப்பந்தமும் ஏந்தி ஊர்வலமாகக் கொண்டுபோய் அடக்கம் செய்த மாப்பாலியா சாலைப் பகுதியில் கல்லறைக் கோயில். மேசை என்ற பெயர் அவர் அங்கே உண்டதால் அல்ல, அங்கே பலியானதால் வந்தது என்று அகுஸ்தினார் மக்களுக்கு விளக்க வேண்டியிருந்தது. கல்லறைக் கோயிலில் இரவு முழுக்க ஆட்டமும் பாட்டும் நடந்தன. ஆயர் அவுரேலியுஸ் அந்த இரவை ஆட்டத்திடமிருந்து மீட்டுத் திருவிழிப்பு ஆக்கினார்.

#12 ஏட்டுச்சுவடி

ஆயர்களுக்கு இன்னொரு கவலை, ஆதாரமில்லாத பீடங்கள். கார்த்தேஜில் 401 செப்டம்பரில் கூடிய சங்கத்தின் சட்டம் நடைமுறையை அப்படியே காட்டுகிறது. வயலிலும் பாதையோரத்திலும் மறைசாட்சி நினைவிடம் என்று எழுப்பிய பீடத்தில் உடலோ திருப்பண்டமோ (எலும்பு போன்ற எச்சம்) இருப்பது உறுதியாகாவிட்டால், அந்தந்த ஊர் ஆயர் இடித்துவிட வேண்டும். மக்கள் கலகத்தால் இடிக்க முடியாவிட்டால், அங்கே போகாதீர்கள் என்று எச்சரிக்கவாவது வேண்டும். கனவிலும் வெற்றுக் காட்சியிலும் தோன்றியதை நம்பி எழுப்பியவற்றை முழுதாகத் தள்ள வேண்டும். உண்மையான நினைவிடம் என்பதற்கு அளவுகோல்: உடல், திருப்பண்டம், அல்லது நம்பத்தக்க மரபு சொல்லும் வீடு, நிலம், பாடுபட்ட இடம். ‘கலகத்தால் முடியாவிட்டால்’ என்ற சொற்றொடரில் அந்த ஊர்களே தெரிகின்றன. பீடம் ஆயருடையது அல்ல, ஊருடையது.

சாதாரண ஊர்க்காரர் எப்படிச் செய்தார் என்பதற்கு அல்ஜீரியாவின் திக்ஸ்தெர் ஊரில் கிடைத்த கல் போதும். மாகாண ஆண்டு 320, 39 கூட்டினால் 359. சிலுவை மரம், கிறிஸ்து பிறந்த நாட்டின் மண், பேதுரு பவுல், பிறகு சிப்ரியான் உட்பட மறைசாட்சிகளின் பெயர்கள். வைத்தவர்கள் பெனெனாத்துஸ், பெக்குவாரியா. அந்தச் சிற்றூரின் ஒரு கல்லுக்குள் எருசலேமும் உரோமையும் கார்த்தேஜும் வந்துவிடுகின்றன.

#13 மேலக்கோட்டை மரியம்

திருப்பண்டம் என்றால் முதல் மறைசாட்சியான ஸ்தேவானைச் சொல்லாமல் முடியாது. நம் கத்தோலிக்க ஊர்களில் முடியப்பர். 415 டிசம்பரில் எருசலேமுக்கு அருகே கப்பார் கமலாவில் லூசியான் என்ற குரு கல்லறையைக் கண்டார். சிறு பகுதிகள் மேற்கே வந்தன. ஹிப்போவில் 424 வாக்கில் திருத்தொண்டர் எராக்ளியுஸ் நினைவிடம் கட்டினார்.

அங்கே அகுஸ்தினார் தொடங்கிய நடைமுறைதான் எனக்கு முக்கியம். குணமானவர் யார், எந்த ஊர், என்ன நோய், எப்படி வந்தார், என்ன நடந்தது, எல்லாவற்றையும் ஏட்டில் எழுத வேண்டும். அதை மக்கள் முன் வாசிக்க வேண்டும், குணமானவரும் நிற்க வேண்டும். பிறகு ஏட்டைப் பாதுகாக்க வேண்டும். இரண்டு ஆண்டுக்குள் ஏறக்குறைய 70 ஏடுகள் சேர்ந்தன. கப்பதோக்கியாவின் செசரேயாவிலிருந்து வந்த பவுல், பல்லாதியா என்ற உடன்பிறந்தோரின் ஏட்டை வாசித்தபோது இருவரையும் படியில் நிறுத்தினார்: குணமான அண்ணன் அசையாமல், தங்கை உடல் நடுங்கிக்கொண்டு. கண்ணால் பார்த்துவிட்டுக் காதால் கேட்டார்கள்.

ஏடு ஏன் தேவைப்பட்டது? புற்றுநோய் குணமான கார்த்தேஜ் பெண் இன்னொசென்சியா யாரிடமும் பெரிதாகச் சொல்லாமல் இருந்துவிட்டார், அகுஸ்தினார் கோபித்துக்கொண்டார். நடந்தது அந்தத் தெருவைத் தாண்டவில்லை. எழுதி வாசிக்காவிட்டால் நினைவு தானாகப் பரவாது என்பது அவர் பட்டறிந்தது.

இதே திருப்பண்டம் மினோர்க்கா தீவில் வேறு விதமாகப் பயன்பட்டது. 418-இல் மாகோனா நகரத் தொழுகைக்கூடம் எரிந்தது. 540 யூதர் எட்டு நாளில் மனம் மாறினர் என்று ஆயர் செவெருஸ் பெருமையோடு எழுதினார். இதை மனமாற்றம் என்று கடந்துபோக என்னால் முடியவில்லை. தலைமுறைகளாகப் பக்கத்து வீட்டில் இருந்தவர்களை நெருப்பு மூட்டி உள்ளே இழுத்தார்கள். ‘ஒரே ஊர், ஒரே புனிதர்’ என்பதன் விலையை இந்த இழையில் எழுதி வைத்தே ஆக வேண்டும்.

#14 சின்னக்கடை

கொஞ்சம் விலகல், ஆனால் நம்மைத் தொடுவது. கீழ்த்திசையில் எதெஸ்ஸா நகரம் தோமாவின் எலும்புகளை வைத்தே தன்னை அடையாளம் கண்டது. இந்தியாவிலிருந்து ஒரு வணிகர் கொண்டுவந்தார் என்று சிரியக் கவிஞர் எபிரேமின் பாடல் சொல்கிறது. 384-இல் எகெரியா என்ற பயணி அந்த நினைவிடத்தில் வழிபட்டார். 394 ஆகஸ்டு 22-இல் பேழையைப் பெரிய கோயிலுக்கு மாற்றினார்கள். மயிலாப்பூர் மரபைப் பேசும்போது இந்தத் தேதிகளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

#15 உளிச்சத்தம்

தாழையூரானின் இரண்டாம் கேள்விக்கு வலுவான சான்று 6-ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் ப்ரொக்கோப்பியுசிடம் இருக்கிறது. ஜெர்மானிய இனத்தாரான வந்தாலர் கார்த்தேஜைப் பிடித்தபின் சிப்ரியானின் கோயில்கள், கிறிஸ்து தந்தைக்குச் சமமல்ல என்ற ஆரியுஸ் கொள்கையாரின் கைக்குப் போயின. விழாவை அவர்கள் நிறுத்தவில்லை. விழாவை ஊரார் ‘சிப்ரியானா’ என்றார்கள்; அந்த நாளையொட்டி அடிக்கும் கடற்காற்றுக்கும் மாலுமிகள் அதே பெயர் வைத்திருந்தார்கள்.

533 செப்டம்பர் 13, விழாவுக்கு முந்தைய நாள். ஆரியுஸ் கொள்கைக் குருக்கள் கோயிலைக் கூட்டிப் பெருக்கி, சிறந்த காணிக்கைகளைத் தொங்கவிட்டு, விளக்குகளைத் தயார் செய்து, கருவூலத்துப் பொருள்களை வெளியே எடுத்து வைத்திருந்தார்கள். அன்று ‘அத் தெசிமும்’ (Ad Decimum) என்ற இடத்தில் கிழக்கு உரோமைப் படைத்தலைவர் பெலிசாரியுஸ் வந்தாலரை வென்றார். குருக்கள் ஓடினார்கள். கிறிஸ்து தந்தைக்குச் சமம் என்ற நீசேயா விசுவாசிகள் உள்ளே வந்து, தயாராக இருந்த அதே விளக்குகளை ஏற்றி வழிபாட்டை நடத்தினார்கள். நாள் மாறவில்லை, எண்ணெய் மாறவில்லை, புனிதர் மாறவில்லை. திரி பற்றவைத்த கை மாறியது. சண்டை எப்போதும் அந்தக் கை யாருடையது என்பதில்தான் நடந்தது.

#16 தாழையூரான்

கேட்டதைவிட அதிகம் கிடைத்தது, நன்றி. கடைசியாக ஒன்று: செப்டம்பர் 14 என்றால் நம் நாட்காட்டியில் சிப்ரியான் ஏன் 16-இல் வருகிறார்?

#17 ஏட்டுச்சுவடி

14-ஐத் திருச்சிலுவை மகிமை விழா எடுத்துக்கொண்டது. அதனால் உரோமை வழிபாட்டில் அவரும் திருத்தந்தை கொர்னேலியுசும் சேர்ந்து 16-இல் வருகிறார்கள். உரோமையின் 354 பட்டியலில் 14 தான். ஆப்பிரிக்கச் சிப்ரியான், உரோமையில் கலிஸ்து கல்லறையில் கொண்டாடப்படுகிறார் என்ற குறிப்போடு. கொர்னேலியுசின் கல்லறையும் அங்கேதான் இருக்கிறது.